கல்லூரிப் பிரெஞ்சுக் கல்வியில் தமிழின் இடம்: ஏற்காட்டுப் பின்புலத்தில் ஒரு நோக்கு

திறவுச்சொற்கள்: அயல்மொழிக் கல்வி, பகுதி 1, பிரெஞ்சு, ஏற்காடு, ஒப்பீட்டு இலக்கணம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் பயிலும் இளநிலை மாணவர் பிரெஞ்சு மொழியைத் தேர்ந்தால், பெரும்பாலும் தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டே அதனைப் பயில வேண்டியுள்ளது. பகுதி 1 என வழங்கும் மொழிப்பாடத்தில் தமிழ், இந்தி, சமற்கிருதம், பிரெஞ்சு முதலியவற்றுள் ஒன்றையே எடுக்க இயலும். பகுதி 2 ஆங்கிலம். இவ்வமைப்பு அயல்மொழிக் கல்வியின் போக்கை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை ஏற்காட்டுப் பின்புலத்தில் விளக்க முற்படுகிறது.

மலையும் மொழிகளும்

சேர்வராயன் மலையில் அமைந்த ஏற்காட்டிற்குப் பிரெஞ்சுத் தொடர்பு புதிதன்று. அங்குள்ள திரு இருதயப் பெண்கள் பள்ளி குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் தோற்றுவித்தது. 1917இல் நிறுவப்பெற்ற மான்ட்ஃபோர்ட் பள்ளி புனித கபிரியேல் சகோதரர் சபையினுடையது. இரண்டும் பிரான்சில் தோன்றிய சபைகள். எனினும் மலையில் அவை வளர்த்தது ஆங்கிலவழிக் கல்வியே என்பது எண்ணத்தக்கது.

மலையிலிருந்து பட்டப்படிப்பிற்கு இறங்குவோர்க்கு அண்மையிலிருப்பவை சேலத்துக் கல்லூரிகள். 1997இல் தொடங்கப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி இது. இவ்வாறு வருவோருள் மலையாளிப் பழங்குடி மாணவர் நிலை தனித்து நோக்கற்குரியது. பெயர் கேரளத்தை நினைவூட்டினும் இவர்தம் மொழி தமிழின் ஒரு கிளைவழக்கே. வீட்டு வழக்கு, பாடநூல் தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கடந்து வரும் இம்மாணவர்க்குப் பிரெஞ்சு நான்காம் படி. அதனை எம்மொழியின் வழியாகக் கற்பிப்பது என்பது இவரளவில் சிறிய வினா அன்று.

தமிழ்வழி ஒப்பீடு

வகுப்பறையில் பிரெஞ்சு பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே விளக்கப்படுகிறது. பிரெஞ்சில் முன்னிலை ஒருவரைக் குறிக்க 'த்யூ', 'வூ' என இரு சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லாதலால், ஆசிரியர் நெடிது விளக்க நேர்கிறது. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டைப் பேச்சிலேயே உடைய தமிழ் மாணவர்க்கு ஒரு தொடரே போதும். 'நாம்', 'நாங்கள்' என்னும் பாகுபாட்டில் நிலை தலைகீழ்; தமிழிலுள்ள நுட்பம் பிரெஞ்சில் இல்லை.

பால் பாகுபாடு இவற்றினும் பயன்மிக்கது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டிலேயே தொடங்குகிறது. தமிழில் பால் பொருள்வழிப்பட்டது, பிரெஞ்சில் சொல்வழிப்பட்டது. அங்கு மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காவல்வீரனைக் குறிக்கும் 'சாந்தினெல்' என்னும் சொல், அவ்வீரன் ஆணாயினும் பெண்பாற் சொல்லே. இதனைத் தமிழொடு வைத்து நோக்கும் மாணவர் தம் மொழியின் திணைக் கோட்பாட்டையும் புதிதாக உணர்வர்.

இழப்பு எங்கே?

பிரெஞ்சைத் தேர்வோரிற் பலர் மதிப்பெண் கருதியே தேர்கின்றனர் என்பதைக் கல்லூரி ஆசிரியர் அறிவர். இதற்காக மாணவரைக் குறைகூறுதல் முறையன்று. எழுத்திலிருந்து தொடங்கும் ஒரு பாடத்தையும் செய்யுள், இலக்கணம், இலக்கிய வரலாறு அடங்கிய ஒரு பாடத்தையும் ஒரே பட்டியலில் நிறுத்தியது பாடத்திட்டமே. விளைவாக, பிரெஞ்சு கற்றவர்க்குத் தமிழ் உரைநடைப் பயிற்சி குன்றுகிறது. தமிழ் கற்றவர்க்குப் பிரெஞ்சு வாய்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்க்கோ இரண்டும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மூசே, துய்புயி ஆகிய பாதிரியார் புதுச்சேரியில் தமிழ்–பிரெஞ்சு அகராதியை உருவாக்கினர். நம் காலத்தில் வெ. ஸ்ரீராம் ஆல்பெர் காம்யுவின் புதினத்தை 'அந்நியன்' எனப் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கினார். இத்தகையோர் இன்றைய பகுதி 1 அமைப்பிலிருந்து உருவாதல் அரிது.

பகுதி 4இல் ஒரு வாயில்

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் பயின்று, கல்லூரியில் வேறுமொழியை எடுத்தவர்க்குப் பகுதி 4இன்கீழ்ச் சிறப்புத் தமிழ் வைக்கப்பட்டுள்ளது. தமிழே பயிலாதவர்க்கு அடிப்படைத் தமிழ். ஆக, பிரெஞ்சையும் தமிழையும் ஒருசேரக் கொண்ட மாணவர் கூடும் வகுப்பு ஏற்கெனவே உள்ளது. சிறப்புத் தமிழின் ஓர் அலகை, எளிய பிரெஞ்சுப் பத்தியைத் தமிழாக்கும் பயிற்சிக்கும் மேற்கண்ட இலக்கண ஒப்பீட்டிற்கும் ஒதுக்கலாம். புதிய தாளோ கூடுதல் பணியிடமோ இதற்குத் தேவையில்லை. தமிழ்த்துறையும் பிரெஞ்சுத்துறையும் வாரம் ஒரு மணிநேரம் ஒரே வகுப்பறையில் அமர வேண்டும்.