எல்லாருக்கும் 800 பொருந்துமா? மலையிறக்க சைக்கிளின் ஹேண்டில் பார் அகலம் பற்றிச் சில குறிப்புகள்

மில்லர்புரத்தில் உட்கார்ந்துகொண்டு மலையிறக்க சைக்கிளைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். தூத்துக்குடியில் சைக்கிளுக்குக் கிடைக்கிற பெரிய இறக்கமே ரயில்வே மேம்பாலம்தான். அதைத் தாண்டினால் உப்பளம், அதற்கப்புறம் கடல். ஆனாலும் இந்த விளையாட்டு நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி திருவனந்தபுரம் பக்கத்தில் பொன்முடியில் நடந்தது. அதில் டவுன்ஹில் என்கிற மலையிறக்கப் பிரிவும் உண்டு. இங்கிருந்து ஒரு காரில் கிளம்பினால் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்தக் குறிப்புகளுக்குக் காரணம் என் அக்கா மகன். கோயம்புத்தூரில் வேலை, வாரக் கடைசியில் மலைப்பக்கம் சைக்கிள். போன வருஷம் ஒரு பழைய டவுன்ஹில் சைக்கிள் வாங்கினான். முன்னால் வைத்திருந்தவர் ஆறடிக்கு மேல் உயரம். நம்ம ஆள் 161 செ.மீ. ஹேண்டில் பார் அகலம் 800 மி.மீ. நாலைந்து வாரத்தில் தோள்பட்டை வலி, மணிக்கட்டின் வெளிப்பக்கம் வலி, கொண்டை ஊசி வளைவில் ஒரு கை எட்டவில்லை என்று ஆரம்பித்துவிட்டான். "எல்லாரும் எண்ணூறுதான் போடுதாங்க மாமா. வெட்டினா திரும்ப ஒட்ட முடியாதுல்லா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எண்ணூறு என்கிற எண் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு பௌதிகம், எவ்வளவு பழக்கம் என்று தேட ஆரம்பித்தேன்.

அகலம் ஏன் கூடியது?

மலையிறக்கப் பந்தயத்தின் தொடக்கம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது 1976 அக்டோபர் 21. கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்து மலைப்பாதையில் கொஞ்சம் இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மூன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக் சூடேறி, உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்தே போய்விடுமாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கிரீஸைத் திரும்ப அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். அந்த சைக்கிள்களில் மோட்டார் சைக்கிள் பாணியில் அகலமான ஹேண்டில் பார்தான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் பார் குறுகிவிட்டது. 1990-களில் மலை சைக்கிள்களில் 560, 580 மி.மீ சாதாரணம். சாலைப் பந்தயத்திலிருந்து வந்த பழக்கம், முன்னால் குனிந்து மேடேறுவதுதான் பெரிய விஷயம் என்கிற எண்ணம், நீளமான ஸ்டெம். பிறகு முன்பக்க ஃபோர்க் இன்னும் சாய்வாக ஆனது, சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடியது, டிஸ்க் பிரேக் வந்தது, வேகம் ஏறியது. ஸ்டெம் 50 மி.மீ அல்லது அதற்கும் கீழே இறங்க, பார் 710, 750, 780 என்று ஏறி 800-க்கு வந்து நின்றது. ஆக, 800 என்பது உடம்பை அளந்து வந்த எண் இல்லை. சைக்கிளின் வடிவம் மாறியதோடு சேர்ந்து ஏறிய எண். உயரமானவருக்கும் போதட்டும், மற்றவர்கள் வெட்டிக்கொள்ளட்டும் என்று கடைக்கு வருகிற எண்.

பௌதிகம் என்ன சொல்கிறது?

நம்ம ஊர் வள்ளத்தில் சுக்கானைத் திருப்புகிற தடியை நினைத்துக்கொள்ளுங்கள். தடி நீளமாக இருந்தால் கைக்குப் பாரம் குறைவு, அலை அடித்தாலும் பிடித்து நிறுத்தலாம். ஆனால் அதே அளவு திருப்ப கை அதிக தூரம் போகணும். ஹேண்டில் பாரும் இதே நெம்புகோல் கணக்குதான்.

ஒரு கல் முன்சக்கரத்தை 20 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உள்ளங்கையின் நடுப்பகுதி பாரின் முனையிலிருந்து சுமார் 50 மி.மீ உள்ளே இருக்கும். அதனால் இரண்டு கைகளுக்கும் இடைவெளி, பார் அகலத்தைவிட 100 மி.மீ குறைவு. அந்தக் கல்லின் தள்ளலைச் சமாளிக்க ஒவ்வொரு கையும் தாங்க வேண்டிய பாரம்:

560 மி.மீ பாரில் சுமார் 4.4 கிலோ.
640 மி.மீ பாரில் சுமார் 3.8 கிலோ.
720 மி.மீ பாரில் சுமார் 3.3 கிலோ.
800 மி.மீ பாரில் சுமார் 2.9 கிலோ.

ஒவ்வொரு படிக்கும் 80 மி.மீதான் கூடுகிறது. ஆனால் கிடைக்கிற லாபத்தைப் பாருங்க: முதலில் 600 கிராம் போல, அடுத்து 500, கடைசிப் படியில் 400. அகலம் கூடக்கூட லாபம் தேய்ந்துகொண்டே போகிறது. 560-லிருந்து 720-க்கு வந்தவர் "உலகமே மாறிப்போச்சு" என்று சொன்னால் அது உண்மை. 720-லிருந்து 800-க்குப் போனால் அதே அளவு மாறும் என்று நினைப்பதுதான் தப்பு.

செலவை யார் கொடுப்பது?

லாபம் தேய்கிறது, சரி. செலவு? அது உடம்பின் அளவைப் பொறுத்தது. இங்கேதான் விஷயமே இருக்கு.

மலையிறக்கத்தில் யாரும் சீட்டில் உட்கார்ந்து வருவதில்லை. பெடலில் எழுந்து நின்று, இடுப்பை மடக்கி, முழங்கையை வெளிப்பக்கம் மடக்கி வைத்திருப்பார்கள். முன்னால் இருக்கிற ஃபோர்க் சுமார் 200 மி.மீ அமுங்கும். அது முதல் சஸ்பென்ஷன். இரண்டாவது சஸ்பென்ஷன் நம் கைகள்தான். சக்கரம் ஒரு பாறையில் ஏறும்போது கை மடங்கணும். படிபோல இருக்கிற இடத்தில் சக்கரம் கீழே விழும்போது கை நீளணும். நீள்வதற்குக் கையில் மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சத்தைத்தான் அகலமான பார் தின்றுவிடுகிறது.

ஒரு கணக்கு. தோளிலிருந்து உள்ளங்கை வரை 550 மி.மீ கை, தோள் மூட்டுகளுக்கு இடையே 360 மி.மீ. உயரம் குறைந்த ஒருவரின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கையை முழுக்க நீட்டினால் 720 பாரில் முன்னோக்கி 534 மி.மீ எட்டும். 800 பாரில் 523. பதினோரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இது நேராகப் போகும்போது. பாரை 30 டிகிரி திருப்பினால் வெளிப்பக்கக் கை 720-ல் 155 மி.மீ முன்னே போகும், 800-ல் 175. அதில் இன்னொரு 20. உயரமானவருக்கு நீளமான கை, அகலமான தோள். இந்த முப்பது மில்லிமீட்டரை அவர் கவனிக்கவே மாட்டார். 161 செ.மீ ஆளுக்கு அதுதான் "கை எட்டலை மாமா".

எட்டாத கைக்கு உடம்பு தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும்: தோளை முன்னால் தள்ளும், நெஞ்சைக் கீழே இறக்கும். எடை முன்சக்கரத்துக்குப் போகும். செங்குத்தான இடத்தில் எடை முன்னால் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோள்வலி வெறும் அறிகுறிதான். உண்மையான ஆபத்து தலைகுப்புற விழுவது.

இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 166 செ.மீ. நெதர்லாந்தில் சுமார் 183. பெண்களையும் பதினாறு வயதுப் பையன்களையும் சேர்த்துப் பார்த்தால் நம்மில் பெரும்பாலானோர் அந்தப் பாரை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்த உடம்பைவிடச் சின்னவர்கள்.

அதற்காகக் குறுகலாக வெட்டித் தள்ளுவதும் சரியில்லை. ரொம்பக் குறுகினால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், நெஞ்சு விரியாது, சின்னக் கல்லுக்கெல்லாம் முன்சக்கரம் துள்ளித் திரும்பும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அளப்பது எப்படி?

மூன்று வழி உண்டு. மூன்றையும் செய்து பார்ப்பது நல்லது.

ஒன்று, தண்டால். தரையில் கவிழ்ந்து, யோசிக்காமல் தண்டால் எடுக்கக் கை ஊன்றுங்கள். பலமாகத் தள்ள எங்கே கை தானாகப் போகிறதோ அங்கேயே நிறுத்தி, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு உள்ளங்கைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு, பயிற்சியாளர்கள் சிலர் சொல்லும் ஒரு கணக்கு: உயரம் சென்டிமீட்டரில், அதை 4.4-ஆல் பெருக்கினால் பார் அகலம் மில்லிமீட்டரில். 180 செ.மீ ஆளுக்கு 792, 166-க்கு 730, 155-க்கு 682. இது வேதவாக்கு இல்லை. கை நீளமும் தோள் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 800 எல்லாருக்கும் பொருந்தாது என்று புரியவைக்க இந்தக் கணக்கே போதும்.

மூன்று, ஓட்டிப் பார்ப்பது. முதல் இரண்டும் எங்கே ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொல்லும். முடிவைப் பாதைதான் சொல்லணும்.

மலையிறக்கத்துக்கு இந்த எண்களைவிட ஒரு 10, 20 மி.மீ கூட வைத்துக்கொள்வதில் தப்பில்லை. வேகமும் கல்லும் அதிகம். மரங்களுக்கு நடுவே நெருக்கமான பாதையில் ஓட்டுகிறவர் குறைவாக வைக்கலாம். கைமுட்டி மரத்தில் பட்டால் என்ன ஆகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

வெட்டும் முன், வெட்டும்போது

அக்கா மகனின் பயம் சரியானதே. வெட்டிய பார் வளராது. அதனால் வெட்டாமலே முதலில் சோதிக்கணும். கிரிப்பின் திருகைத் தளர்த்தி இரண்டு பக்கமும் 10 மி.மீ உள்ளே தள்ளுங்கள். பிரேக் லீவரையும் அதே அளவு உள்ளே கொண்டுவாருங்கள். இப்போது 800 பார், கைக்கு 780. பார் முனையில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள்; திறந்த குழாய் முனை விழும்போது உடம்பைக் குத்திக் கிழிக்கும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நெருக்கமான மரங்களுக்குள் போகாமல் தெரிந்த, அகலமான பாதையில் ஓட்டுங்கள். இரண்டு வாரக் கடைசிகளாவது ஓட்டிவிட்டு இன்னொரு 10. ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். எந்த மாற்றமும் முதல் நாள் விசித்திரமாகத்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்: கொண்டை ஊசியில் வெளிப்பக்க முழங்கையில் கொஞ்சமாவது மடிப்பு மிச்சம் இருக்கிறதா? மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிந்து நிற்கிறதா? இறங்கி முடித்ததும் வலிப்பது முன்கையா, தோள்பட்டையா? முன்கை வலி பெரும்பாலும் பிரேக் பிடித்த களைப்பு. தோள்பட்டையும் மணிக்கட்டும் வலித்தால் அகலத்தைச் சந்தேகிக்கலாம்.

முடிவு செய்த பிறகும் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ கூடவே விட்டு வெட்டுங்கள். தயாரிப்பாளர் எவ்வளவு வரை வெட்டலாம் என்று பாரிலேயோ கையேட்டிலேயோ குறித்திருப்பார். அதைத் தாண்டக் கூடாது. வெட்டிய பிறகு கிரிப்பும் லீவரும் உட்கார நேரான பகுதி போதுமா என்றும் பாருங்கள். அலுமினியம் என்றால் நல்ல ஆக்சா பிளேடு, கோணலாகப் போகாமல் இருக்கக் குழாய்க் கிளிப் ஒன்றை வழிகாட்டியாக இறுக்கிக்கொண்டால் போதும்; பிறகு அரத்தால் பிசிறைத் தேய்த்துவிடுங்கள். கார்பன் என்றால் நுண்பல் பிளேடு, வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, தண்ணீர் விட்டு மெதுவாக, கட்டாயம் முகக்கவசத்தோடு. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பட்டறையில் கொடுத்தால் வைஸில் நேரடியாக இறுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறுக்கின இடத்தில் நசுங்கின பாரை மலையில் நம்ப முடியாது.

நம்ம ஆளுக்குத் தண்டால் அளவு 715 வந்தது, கணக்கு 708 சொன்னது. 780, 760, 740 என்று படிப்படியாக உள்ளே வந்து, 730-ல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, 735-ல் வெட்டினான். கூட ஓட்டுகிறவர்கள் முதலில் கேலி செய்தார்களாம். இப்போது அதில் ஒரு பெண், 157 செ.மீ, தன் பாரையும் அளந்து பார்க்கக் கேட்டிருக்கிறாள்.

பெரிய சைஸ் சட்டையை வாங்கினால் தையற்கடையில் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறோம். சட்டை கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை. ஹேண்டில் பாரும் அப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டிய பொருள்தான். அதில் இருக்கிற எண்ணைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முழங்கையைப் பாருங்கள்.