கேட்டதையே கேட்டாலும் கனிவுடன் விடை கூறுக

வணிகம் என்பது பொருளைக் கொடுத்துக் காசைப் பெறுவது மட்டுமன்று. முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்புவதும் ஆகும். கடைவீதியில் அந்த நம்பிக்கைக்குக் கண்ணும் கையும் துணை நிற்கின்றன. வாங்க வருபவர் துணியை விரலால் தடவிப் பார்க்கிறார். அரிசியை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கிறார். விற்பவரின் முகத்தையும் பார்க்கிறார். இணையத்தின் வழியே நடைபெறும் இக்கால வணிகத்திலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு படமும் அதன் கீழே சில வரிகளுமே உள்ளன. எஞ்சியிருப்பது விற்பவரின் சொல் ஒன்றுதான்.

இன்று நம் இல்லத்துப் பெண்மணிகள் பலர் வீட்டிலிருந்தபடியே மசாலாப் பொடி, ஊறுகாய், தைத்த ஆடை, கைவினைப் பொருள் ஆகியவற்றைக் கைப்பேசி வழியாக விற்று, குடும்பத்திற்கு ஹலாலான வருவாய் ஈட்டுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்று உண்டு. “விலையைத் தெளிவாக எழுதியிருக்கிறோம், அதன் பின்னரும் விலை என்ன என்று கேட்கிறார்கள். அளவைக் குறித்திருக்கிறோம், அளவு என்ன என்கிறார்கள். நாள் முழுவதும் இதற்கே பதில் சொல்வதா?” என்பதே அக்குறை. சலிப்பு மிகும்போது, “மேலே எழுதியிருப்பது கண்ணில் படவில்லையா?” என்ற சொல் வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லோடு வந்தவர் போய்விடுகிறார்; திரும்ப வருவதில்லை.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி

நெல்லை மாவட்டத்துப் பத்தமடையை எடுத்துக்கொள்வோம். அவ்வூரில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றனர். கோரையை மெல்லியதாகக் கீறி, நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, பருத்தி நூலைப் பாவாக இட்டு நெய்யும் அந்தப் பாய் புவிசார் குறியீடும் பெற்றது. மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் அங்கு வழக்கம். இத்தகைய பாயின் படத்தைக் கண்டு, தொலைவிலுள்ள ஒருவர், “இது பிளாஸ்டிக் பாயா?” என்று வினவினால் நெய்பவருக்கு எப்படியிருக்கும்? நெஞ்சு சுடத்தான் செய்யும்.

ஆயினும் சற்றே சிந்திப்போம். கேட்பவர் அப்பாயைத் தொட்டதில்லை. கோரையின் மணத்தை அறிந்ததில்லை. கைப்பேசியின் சிறு திரையில் படம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது, எழுத்து மறைந்துவிடுகிறது. அவர் மூக்குக்கண்ணாடியின்றிப் படிக்க இயலாத முதியவராக இருக்கலாம். தமிழைப் பேச அறிந்து படிக்க அறியாதவராக இருக்கலாம். முன்னொரு முறை பணம் அனுப்பி ஏமாந்தவராகவும் இருக்கலாம். “விலை என்ன?” என்று அவர் கேட்கும்போது, “அங்கே உண்மையில் ஒருவர் இருக்கிறாரா? என் பணத்திற்குப் பாதுகாப்பு உண்டா?” என்றே அவர் உள்ளம் கேட்கிறது. விற்பவருக்கு அது நூறாவது கேள்வி. கேட்பவருக்கோ அதுவே முதற் கேள்வி!

காணாத பொருளும் மார்க்கச் சட்டமும்

பொருளைக் காணாமல் வாங்குவதில் உள்ள ஐயம் புதியதன்று. நம் மார்க்கச் சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனை ஆராய்ந்துள்ளனர். காணாமல் வாங்கியவர், பொருளைக் கண்டபின் அதனை ஏற்கவோ மறுக்கவோ உரிமையுடையவர் என்பது ஹனபி மத்ஹபின் தீர்ப்பு. காணாத குறிப்பிட்ட ஒரு பொருளை விற்பதே செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. பொருளின் தன்மைகளை முழுமையாக வரையறுத்து, விலையை முன்னதாகவே பெற்றுக்கொண்டு நடைபெறும் ‘ஸலம்’ வணிகத்தை அது தனியே அனுமதிக்கிறது. தீர்ப்புகள் வேறுபடினும் கவலை ஒன்றேயன்றோ! வாங்குபவர் இருளில் நிற்கக் கூடாது என்பதே அது. அந்த இருளை அகற்ற எழும் கேள்வியை நாம் தொல்லை எனக் கருதலாமா?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளை வெளிப்படுத்திக்கொண்டால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். விற்கும்போதும், வாங்கும்போதும், தனக்குரிய கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மை காட்டும் மனிதருக்கு இறையருள் வேண்டி அவர்கள் பிரார்த்தித்ததையும் புகாரி நூலில் காண்கிறோம். கூபா நகரில் பட்டுத்துணி வணிகராக விளங்கிய இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், ஒரு துணியின் குறையைக் கூறி விற்குமாறு தம் பங்காளியிடம் சொல்லியிருந்தும் அவர் மறந்து விற்றுவிட்டதால், அதில் கிடைத்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கேளாமலே குறையைச் சொல்வது அவர்கள் வழியாயின், கேட்ட பின்னரும் முகம் சுளிப்பது நம் வழியாகலாமா?

திருமறையின் 93ஆம் அத்தியாயம், கேட்டு வருபவரை விரட்ட வேண்டாம் எனப் பணிக்கிறது. பொருள் கேட்டு வருபவருக்கு மட்டுமின்றி, விளக்கம் கேட்டு வருபவருக்கும் இது பொருந்தும் என்பர் விரிவுரையாளர்கள். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் விளக்கம் நாடி வந்ததை ஒட்டியே 80ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் அருளப்பெற்றது என்பதும் நினைவிற்குரியது. கண்ணால் காண இயலாமல் கேட்பவரின் கேள்விக்கு எத்துணை மதிப்பு!

விடை கூறும் முறை

முதலில் முகமன், அடுத்து கேட்டதற்கு நேரான விடை, அதன்பின் அவருக்குப் பயன்படும் ஒரு செய்தி. “மேலே பாருங்கள்” என்பது விடையன்று. “பாயின் நீளம் ஆறடி, அகலம் மூன்றடி அம்மா. இருவருக்கு வேண்டுமாயின் அகலமாகவும் நெய்து தருகிறோம்” என்பதே விடை. “பிளாஸ்டிக் இல்லை ஐயா, கோரைப்புல்லில் நெய்தது. மடிக்காமல் சுருட்டி வையுங்கள், நெடுநாள் உழைக்கும்” என்று கூறினால், கேட்டவர் வாங்காவிடினும் மனநிறைவோடு செல்வார், நாளை நால்வரிடம் சொல்வார்.

ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வருமாயின், குறை நம் விளம்பரத்தில் இருக்கலாம். விலையையும் அளவையும் படத்தின் மீதே பெரிய எழுத்தில் பொறிக்கலாம். பாயின் அருகே ஒரு சாணளவுக் கோலை வைத்துப் படம் எடுக்கலாம். திரையில் காணும் நிறம் சற்று வேறுபடும் என்பதையும் முன்னரே எழுதிவிடலாம். வழக்கமான விடைகளைக் கைப்பேசியில் சேமித்து வைத்து அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் கேட்டவரின் பெயரையாவது சேர்த்து அனுப்புதல் நலம்.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், நுகர்வோரின் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும் என்றும் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கட்டளையிடுகின்றன. காலத்தைச் சட்டம் வரையறுக்கலாம். கனிவை எந்தச் சட்டம் வரையறுக்கும்? அது உள்ளத்திலிருந்து வர வேண்டியது.

பொறுமைக்கும் எல்லை உண்டு

கனிவு என்பது அடிமைத்தனமன்று. பொருளைப் பற்றிக் கேட்பதாகத் தொடங்கி, விற்கும் பெண்மணியின் சொந்த வாழ்வைத் துருவும் செய்திகளும் வருவதுண்டு. அவற்றிற்கு விடை கூற எவரும் கடமைப்பட்டவரல்லர். பதில் தராது அந்த எண்ணைத் தடுத்துவிடுவதே சரி. வீட்டாரிடம் தெரிவிப்பதும் நன்று. அறிவீனர் பேச்சிற்குச் சமாதானம் கூறி விலகுவது நல்லடியாரின் பண்பு என்றே திருமறையும் கற்பிக்கிறது. அவ்வாறே, ஜும்ஆவுக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் வணிகத்தை நிறுத்திவிட்டு விரைவது கட்டளை; தொழுகை முடிந்தபின் மீண்டும் பரவிச் சென்று இறையருளைத் தேட அனுமதியும் உண்டு. “தொழுகை நேரம், திரும்பியதும் விடை தருகிறோம்” என்ற ஒரு வரியைக் கைப்பேசியே அனுப்புமாறு அமைத்துவிட்டால் எவர் மனமும் புண்படாது.

தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியும் இட்டுக்கட்டியும் பிறர் பொருளை உண்டும் வாழ்ந்ததால் அந்நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவனே உண்மையில் ஓட்டாண்டி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வணிகர் அஞ்ச வேண்டிய நட்டம் அதுவே. முகம் அறியாத ஒருவர் ஐந்தாம் முறையாக விலையைக் கேட்கும்போது, நாம் அளிக்கும் இனிய சொல்லுக்குச் செலவு ஏதுமில்லை. அதன் வரவோ இவ்வுலகக் கணக்கோடு முடிந்துவிடுவதுமில்லை.