டாலரை மறுத்தவர், புல்தரையை விடாதவர்

விம்பிள்டன் கோப்பை ராமநாதன் கிருஷ்ணனுக்குக் கிட்டவில்லை. ஆனாலும் அந்த உறவு ஒரு தலைமுறையோடு முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர். தொழில்முறை டென்னிஸ் போட்டிகளை நடத்திவந்த அமெரிக்கர் ஜாக் கிராமர் 1959ல் ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தர முன்வந்த தொகை இது. 22 வயது இளைஞருக்கு அது கனவிலும் எட்டாத பணம். ஆனால் கையெழுத்திட்டால் விம்பிள்டனின் கதவு மூடிவிடும். அந்நாளில் பணத்துக்காக ஆடுபவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

அந்தப் புல்தரை அவருக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் பிறந்து, தந்தை டி.கே. ராமநாதனிடமே ஆட்டம் பயின்றவர் அவர். 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார். இறுதியில் அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியர் ஆஷ்லி கூப்பர், நான்கே ஆண்டுகளில் அங்கு ஆடவர் சாம்பியன் ஆனார்.

மறுப்புக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. 1960ல் கிருஷ்ணன் அரையிறுதிக்கு வந்து நீல் ஃபிரேசரிடம் தோற்றார். மறு ஆண்டு காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். அரையிறுதியில் ராட் லேவர் குறுக்கே நின்றார். இரு முறையும் அவரை வென்றவரே கோப்பையையும் தூக்கினார். 1962ல் அவருக்கு 4ம் இடம் தரப்பட்டிருந்தது. எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தபோது கணுக்கால் காயம் பாதியிலேயே அவரை வெளியேற்றியது.

அவர் ஆட்டத்தில் அதிரடி கிடையாது. சர்வீஸ் மென்மையானது. எதிராளி அடித்த வேகத்தையே வாங்கி, கோணம் பார்த்துத் திருப்பி அனுப்பும் லாகவம்தான் ஆயுதம். வேக சர்வீஸ்காரர்களுக்குச் சாதகமான புல்தரையில் இதை வைத்துக்கொண்டு அவர் இரு முறை அரையிறுதி வரை வந்ததுதான் ஆச்சரியம்.

1968ல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்தது. பணமா, போட்டியா என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 31. சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

1979ல் அதே ஜூனியர் பட்டத்தை மகன் ரமேஷ் வென்றார், தந்தைக்குச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து. 1986ல் ரமேஷ் ஆடவர் காலிறுதி வரை முன்னேறினார். தந்தை எட்டிய அரையிறுதியை மட்டும் தொட முடியவில்லை.

1961க்குப் பிறகு விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதியில் எந்த இந்தியரும் ஆடியதில்லை.