வார இறுதியில் மழை, மறுவாரம் வெயில்: இது எப்படி?

“சனி, ஞாயிறு மாலையில் இடியுடன் கூடிய மழை. அடுத்த வாரம் வெப்பம் அதிகரிக்கும்.” ஏப்ரல், மே மாதங்களில் இப்படி ஒரு முன்னறிவிப்பைப் படித்தால், மழை பெய்த பிறகு குளிரத்தானே வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். காரணத்தைப் பார்ப்போம்.

மார்ச் இறுதி முதல் மே வரை தீபகற்ப மலேசியாவில் பருவக்காற்று மாறும் காலம். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் தொடங்கியிருக்காது. காற்று வலுவின்றி வீசும். சூரியனோ நம் தலைக்கு நேர் மேலே கடந்து வடக்கே நகரும். மார்ச் மாதக் கடைசி நாள்களில் கோலாலம்பூரில் உச்சிவேளையில் நின்று பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே விழும்.

காலையில் தரை சூடாகிறது. அதை ஒட்டியுள்ள ஈரக்காற்றும் சூடாகி மேலே எழுகிறது. கடலிலிருந்து வரும் காற்று அந்த இடத்தை நிரப்புகிறது. மேலே போன காற்று குளிர்ந்து, நீராவி துளிகளாக மாறி, உயரமான இடிமேகம் உருவாகிறது. அதனால்தான் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் மழை கொட்டுகிறது.

இத்தகைய ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். உங்கள் தாமானில் வெள்ளம் ஓடும்போது அடுத்த தாமானில் துணி காய்ந்துகொண்டிருப்பது இதனால்தான். முன்னறிவிப்பில் ‘ஓரிரு இடங்களில்’, ‘சில இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்று வரும் சொற்களைக் கவனித்துப் படியுங்கள். அவை மழை எவ்வளவு பரவலாகப் பெய்யும் என்பதைச் சொல்கின்றன.

இனி, வெப்பம் ஏன் கூடுகிறது? மழை நாள்களில் மேகம் வெயிலை மறைக்கிறது. ஈரத் தரையில் விழும் வெயிலில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. சில நாள்கள் வறண்ட காற்று வந்து மேகம் குறைந்தால், தரை காய்ந்துவிடும். அதன் பிறகு வெயிலின் ஆற்றல் நேராகத் தரையையும் காற்றையும் சூடாக்குகிறது. மழைக்கும் வெப்பத்துக்கும் இடைப்பட்ட ஓரிரு நாள்கள் இன்னும் தொல்லையானவை. தரையிலிருந்து எழுந்த நீராவி காற்றில் நிறைந்திருப்பதால் புழுக்கம் வாட்டும்.

புழுக்கம் வெறும் அசௌகரியம் அன்று. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். உடல் நனையும், ஆனால் குளிராது. எனவே வெப்பமானியில் ஒரே அளவு காட்டும் இரண்டு நாள்கள் உடலுக்கு ஒன்றல்ல.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. ஓரிடத்தின் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 1998 ஏப்ரலில் பெர்லிஸ், சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரி. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெப்பத்தால் பள்ளிகள் மூடப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இந்த அளவுகள் நிழலில் எடுக்கப்படுபவை. திறந்த திடலிலும் தார்ச்சாலையிலும் உடல் தாங்கும் வெப்பம் அதைவிட அதிகம். நம் கடிகாரத்தில் உச்சிவேளை பகல் 1.15 மணியளவில்தான் வருகிறது. அதற்குப் பிறகும் காற்று சூடாகிக்கொண்டே போகும். பிள்ளைகள் புறப்பாட நடவடிக்கைக்காகத் திடலில் இறங்கும் 2 மணி, 3 மணிதான் பல நாள்களில் மிக வெப்பமான நேரம்.

ஆகவே முன்னறிவிப்பைப் பார்த்துத் திட்டமிடுங்கள். வெப்ப வாரத்தில் ஓட்டப் பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் இருந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ வெப்பத் தாக்கமாக இருக்கலாம். 999-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலில் நீர் ஊற்றி விசிறுங்கள். சுயநினைவு இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

மழை மாலைகளுக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒலி 1 கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திடலுக்குத் திரும்புங்கள்.