குறுக்கு வெட்டுக்கு ஒரு சறுக்குப் பலகை

நான்கு கால்களும் ஒரே நீளமாயிருந்தும் மேஜை ஆடுவதையும், புதிதாகப் பூட்டிய ஜன்னல் கதவு ஒரு மூலையில் உரசி மறு மூலையில் இடைவெளி விடுவதையும் பலர் கண்டிருப்பர். பச்சை மரத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டதாகத் தச்சர்மீது பழி கூறுவது வழக்கம். சில வேளைகளில் அது உண்மையே. ஆயினும் பல சமயங்களில் குற்றம் மரத்தினுடையதன்று. சட்டங்களின் முனைகளை அறுத்த கோணத்தினுடையதாகும். 1,200 மில்லிமீட்டர் உயரமுள்ள கதவில் மூலைக் கோணம் அரைப் பாகை பிசகினால், மறு முனையில் ஏறத்தாழ 10 மி.மீ. விலகல் காணும். தச்சர் கணக்கில் இது மூன்று நூலுக்கும் அதிகமாகும்.

மரத்தை அதன் இழையோட்டத்தின் வழியே பிளப்பது நெடுக்கு வெட்டு எனவும், இழைகளுக்குக் குறுக்கே துண்டிப்பது குறுக்கு வெட்டு எனவும் சொல்லப்பெறும். மேஜையின் நடுவே வட்ட ரம்பம் தலை நீட்டி நிற்கும் யந்திரம் நெடுக்கு வெட்டுக்கு மிகவும் ஏற்றது. நீண்ட பலகையின் ஓரம் வழிகாட்டிச் சட்டத்தில் முழுதும் படிந்து செல்வதால் வெட்டு பிசகுவதில்லை. குறுக்கு வெட்டில் நிலைமை வேறு. குறுகிய முனையை வழிகாட்டியில் சார்த்தி நீண்ட பலகையைக் கையால் தள்ளும்போது, அது சிறிது திரும்பினாலும் வெட்டு கோணலாகிறது. கோணல் மாத்திரமன்றி அபாயமும் உண்டு.

அந்த அபாயத்தின் காரணத்தை அறிவது நலம். 250 மி.மீ. விட்டமுள்ள ரம்பம் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுகள் சுழலுமாயின், அதன் பற்கள் விநாடிக்கு 52 மீட்டர், அதாவது மணிக்கு 188 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேஜையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேலெழுந்து வேலையாளை நோக்கித் திரும்புகின்றன. வழிகாட்டிக்கும் ரம்பத்துக்கும் இடையே அகப்பட்ட துண்டு சற்றே திரும்பினால், இப் பின்பற்கள் அதனைக் கவ்வித் தூக்கி வேலையாளின் மார்பை நோக்கி எறிகின்றன. துண்டு பறக்கும்போது அதைப் பிடித்திருந்த கை ரம்பத்தை நோக்கி இழுபடுவதும் உண்டு. விரல்களை இழக்கச் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது விளைவே. எனவே, குறுக்கு வெட்டில் வழிகாட்டிச் சட்டத்தை நீளம் அளக்கும் தடையாக உபயோகிக்கவே கூடாது.

ஐரோப்பியத் தொழிற்சாலைகள் இதற்குக் கண்ட வழி, மரத்தைத் தள்ளாமல் மேஜையையே நகரச் செய்வது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் 1906-இல் அமைத்த நகரும் மேஜை ரம்பமே இன்றைய பெரிய பலகை அறுக்கும் யந்திரங்களுக்கு முன்னோடி. ஆனால் அதன் விலை சிறு பட்டறைக்கோ பள்ளிக்கோ எட்டுவதன்று. பெங்களூரின் பல சிறு பட்டறைகளில், ஒட்டுப்பலகை மேஜையின் அடியில் கை ரம்பத்தைத் தலைகீழாகப் பொருத்தியே வேலை நடைபெறுகிறது. அத்தகைய இடத்துக்கும் ஏற்ற நகரும் மேஜை ஒன்றுண்டு. சறுக்குப் பலகை என்பது அதுவே.

அதன் அமைப்பு எளியது. ஓர் அடிப்பலகை; அதன் கீழே, மேஜையிலுள்ள காடிகளில் வழுக்கிச் செல்லும் இரண்டு ஓடுகட்டைகள்; மேலே, வேலையாளின் பக்கத்தில் மரத்தைச் சார்த்திப் பிடிக்கும் அணைச் சட்டம் ஒன்றும், எதிர்ப்பக்கத்தில் அடிப்பலகை பிளந்துவிடாமல் கட்டிவைக்கும் சட்டம் ஒன்றும். அறுபடும் மரம் அடிப்பலகையின்மேல் அசையாது கிடக்க, பலகை முழுவதும் ரம்பத்தைக் கடந்து செல்கிறது. அறுந்த இரு துண்டுகளும் பலகையோடே நகர்வதால், ரம்பத்தைக் கவ்விக்கொள்ள வாய்ப்புக் குறைவு.

இவற்றுள் எளிதாகத் தோன்றி மிகுதியாக ஏமாற்றுவது ஓடுகட்டை. மழைக்காலத்தில் இறுகிப்போய், கோடையில் தளர்ந்து ஆடுவதே அதன் இயல்பான நோய். மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கேற்ப ஈரம் கொண்டும் விட்டும் பருமன் மாறுகிறது. நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே கூறலாம். ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில், நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத் திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மாற்றம் நிகழ்கிறது. பொதுவாகக் காடி ஆறு நூல் அகலமும், அதாவது 19 மி.மீ., மூன்று நூல் ஆழமும் உள்ளது. அதில் ஓடும் தேக்குக் கட்டையின் ஈரம் நான்கு சதவீதம் உயருமாயின், தொடுகோட்டுத் திசையில் அகலம் 0.14 மி.மீ. அளவுக்குக் கூடும், ஆரத் திசையில் அதில் பாதியளவே கூடும். ஆகவே, கட்டையின் குறுக்கு முனையைப் பார்த்து, வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும்படி மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்கு உலர்ந்த தேக்கு இதற்குப் போதுமானது. உயரம் காடியின் ஆழத்தைவிட ஒரு மி.மீ. குறைவாயிருத்தல் நலம், இல்லையேல் தூசி அடியில் சேர்ந்து பலகையைத் தூக்கிவிடும்.

மரத்தின் இவ்வித நடத்தையை ஆராய்வதற்கெனவே பெங்களூரில் நிலையங்கள் தோன்றின. மல்லேஸ்வரத்திலுள்ள இந்திய மர விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம், 1938-இல் மைசூர் சமஸ்தானத்தின் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. 1956-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்து, 1988-இல் தனி நிலையமாயிற்று. ஒட்டுப்பலகைத் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடம் அதே நகரில் 1962-இல் ஏற்பட்டது. அடிப்பலகைக்கு ஒட்டுப்பலகையைத் தேர்வதன் காரணமும் இதே இயல்பில்தான் அடங்கியுள்ளது. அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பெறுவதால், ஒன்று விரிய முயலும் திசையில் மற்றொன்று அதைத் தடுத்துப் பிடிக்கிறது. ஐ.எஸ். 303 தரக்குறியுள்ள 12 மி.மீ. பலகை போதும். அதைவிடக் கனமானது ரம்பத்தின் வெட்டும் ஆழத்தை வீணாக்கும். நல்ல பலகையும் வளைந்திருக்கக்கூடும். வாங்குமுன் நேர்சட்டம் வைத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

அடிப்பலகை 900 மி.மீ. அகலமும் 600 மி.மீ. நீளமும் கொண்டதாகட்டும். காடிகளில் சில நாணயங்களைப் பரப்பி, அவற்றின்மேல் ஓடுகட்டைகளை வைத்தால் அவை மேஜைக்குச் சற்று மேலெழுந்து நிற்கும். அவற்றின் முதுகில் பசையைத் தடவி, அடிப்பலகையை மேலே பொருத்திப் பாரம் ஏற்றிக் காயவிட வேண்டும். இவ்வாறு செய்வதால் கட்டைகளின் இடைவெளியைக் காடிகளே நிர்ணயிக்கின்றன, அளவுகோலுக்கு வேலையில்லை. காய்ந்தபின் சிறு திருகாணிகளைத் தலை புதையுமாறு முடுக்கி, உரசும் இடங்களை இழைத்து, மெழுகு தேய்க்கலாம். எண்ணெய் மரத்தைக் கறைப்படுத்துமாதலால் அது வேண்டாம். மேஜையில் காடியே இல்லாவிடில், கட்டைகளை மேஜையின் இரு பக்க விளிம்புகளையும் அணைத்து ஓடுமாறு வெளிப்புறத்தில் அமைக்கலாம். விளிம்புகள் ரம்பத்துக்கு இணையாயிருக்கின்றனவா என்பதை முதலில் சோதித்தாக வேண்டும்.

எதிர்ப்பக்கச் சட்டத்தைப் பொருத்திய பிறகு, ரம்பத்தை இறக்கிப் பலகையை மேலே வைத்து, யந்திரத்தை ஓட்டி, ரம்பத்தை மெல்ல உயர்த்தி அடிப்பலகையில் வாய் பிளக்கச் செய்ய வேண்டும். இவ் வாய் பலகையின் இரு ஓரங்களையும் எட்டலாகாது. பின்னர் அணைச் சட்டத்தை, மூலைமட்டத்தின் உதவியால், வெட்டு வாய்க்குச் செங்குத்தாக வைத்து, வலமுனையில் ஒரே ஒரு திருகாணியால் பூட்டி, இடமுனையைக் கிளாம்பினால் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். வலமுனைத் திருகாணி சுழலச்சாகப் பயன்படும்.

மூலைமட்டம் காட்டும் செங்கோணம் வேலைக்குப் போதுமா? சாதாரண மூலைமட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழையை அறியச் சுவையானதொரு முறை உண்டு. ஒரு பலகைத் துண்டின் நான்கு ஓரங்களையும் வரிசையாக அறுப்பது. ஒவ்வொரு முறையும் புதிதாக அறுத்த ஓரத்தை அணைச் சட்டத்தில் சார்த்துவது. ஐந்தாவதாக, முதலில் அறுத்த ஓரத்தையே மீண்டும் அறுத்து, சுமார் 20 மி.மீ. அகலமுள்ள கீற்று ஒன்றை எடுப்பது. நாற்கரத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்பது பள்ளியில் படித்ததே. மூன்று மூலைகளில் ஏற்பட்ட பிழை நான்காவது மூலையில் குவிகிறது. ஐந்தாம் வெட்டு தன் பிழையையும் அதனுடன் சேர்க்கிறது. எனவே, கீற்றின் இரு முனைகளின் அகல வேறுபாடு ஒரு வெட்டின் பிழையைப்போல் நான்கு மடங்காகும். யந்திரமே தன் பிழையைப் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

ஓர் உதாரணம்: மரம் ரம்பத்துக்கு இடப்புறம் வைக்கப்பெறுகிறது. கீற்றின் நீளம் 400 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் அளக்க, வேலையாளுக்கு எதிர்முனையில் அகலம் 20.80 மி.மீ., அணைச் சட்டத்தை ஒட்டிய முனையில் 20.40 மி.மீ. என்று கொள்வோம். வேறுபாடு 0.40, நான்கால் வகுக்க 0.10. அதாவது 400 மி.மீ. வெட்டில் 0.10 மி.மீ. பிழை, கோணத்தில் ஒரு பாகையின் எழுபதில் ஒரு பங்கு. வலமுனைத் திருகாணியிலிருந்து இடமுனைக் கிளாம்பு 800 மி.மீ. தொலைவில் இருந்தால், அங்கே நகர்த்த வேண்டிய அளவு 0.20 மி.மீ. எதிர்முனை அகலமாயிருப்பின் சட்டத்தின் இடமுனை வேலையாளை நோக்கி வர வேண்டும். அருகு முனை அகலமாயிருப்பின் விலகிச் செல்ல வேண்டும். மோட்டார் பழுதுபார்ப்போர் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் 0.20 மி.மீ. தகட்டை அணைச் சட்டத்தின் பின்புறத்தில் ஒட்டவைத்து, அதன்பின் ஒரு கட்டையைப் பூட்டி, தகட்டை உருவியபின் சட்டத்தை அக் கட்டையில் இடிக்குமாறு நகர்த்தினால் காரியம் முடிந்தது. மீண்டும் ஐந்து வெட்டுகள் சோதித்த பின்னரே மற்றத் திருகாணிகளை முடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஜியோமிதிப் பாடம் மரவேலைக் கூடத்தில் கிடைப்பது அரிது. யந்திரத்தை மட்டும் ஆசிரியரே ஓட்ட வேண்டும்.

காப்பைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். யந்திரங்களின் அபாயமான பகுதிகளுக்குக் காப்பு வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன்கீழ் மாநிலங்கள் இயற்றிய விதிகள், வட்ட ரம்பத்தின் பின்னே பிளவுக் கத்தி ஒன்றைக் கோரின. ரம்பத்தைவிட உயரமான கத்தி சறுக்குப் பலகைக்கு இடையூறாகும் என்று பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். ரம்பத்தைவிடத் தாழ்ந்த கத்தியைப் பூட்டினால் அது வெட்டு வாயிலேயே புகுந்து செல்லும். கழற்ற நேர்ந்தாலும், நெடுக்கு வெட்டுக்குத் திரும்புமுன் அதை மறுபடி பூட்டியாக வேண்டும். சறுக்குப் பலகையிலும் ரம்பம் அணைச் சட்டத்தைக் கடந்து வேலையாளின் பக்கம் வெளிப்படும் இடம் ஒன்றுண்டு. கட்டைவிரல் இயல்பாகச் சென்று அமர்வதும் அவ்விடத்தில்தான். அங்கே கனமான மரக்கட்டை ஒன்றைப் பெட்டிபோல் ஒட்டி, சிவப்பு வர்ணம் பூசுதல் அவசியம். ரம்பம் அக் கட்டையையும் துளைத்து வெளிவராதபடி, பலகையின் ஓட்டத்தை நிறுத்தும் தடையொன்று மேஜையில் இருக்க வேண்டும். கையுறை அணிந்து இவ் வேலையைச் செய்யலாகாது. பற்கள் துணியைப் பற்றினால் கையையும் இழுத்துச் செல்லும்.

ஒரே நீளத் துண்டுகள் பல வேண்டுமாயின், அணைச் சட்டத்தில் ஒரு சிறு கட்டையைக் கிளாம்பால் பிடித்து, ஒவ்வொரு மரத்தையும் அதில் முட்டவைத்து அறுக்கலாம். முட்டுகட்டையின் அடியில் தூசி சேராதிருக்க, அதன் கீழ்விளிம்பைச் சிறிது சீவிவிடுவது வழக்கம்.

மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஐந்து வெட்டுச் சோதனையை ஒருமுறை செய்து, தேதியையும் இரு முனைகளின் அளவுகளையும் அடிப்பலகையின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவைப்பது, அடுத்து வரும் ஆசிரியருக்கும் உதவும்.