ஹை-ஹாட் ஸ்டாண்டு ஏன் நகர்கிறது? புதிது வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஜுரு: கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பள்ளி விழா, தேவாலயம் என எந்த மேடையில் ஏறினாலும் டிரம்ஸ் வாசிப்பவருக்கு ஒரு தொல்லை காத்திருக்கும். முதல் பாட்டின்போது காலுக்கு அருகில் இருந்த ஹை-ஹாட் ஸ்டாண்டு, மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அரை அடி முன்னால் போயிருக்கும். வாசிப்பவர் இடது காலை நீட்டி மிதிப்பார், இடுப்பைத் திருப்பிக்கொள்வார், பாட்டு முடிந்ததும் குனிந்து ஸ்டாண்டை இழுத்து வைப்பார். தொடர்ச்சியாகப் பாட்டு போகும் நிகழ்ச்சியில் அதற்கும் நேரம் கிடைக்காது. தாளம் தடுமாறுவதைப் பக்கத்தில் நிற்கும் பாடகர்தான் முதலில் உணர்வார்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, இன்னும் கனமான, விலை கூடிய ஸ்டாண்டு. ஜுரு, புக்கிட் மின்யாக், பிறை வட்டாரத் தொழிற்சாலைகளில் ஓவர்டைம் செய்து பிள்ளைக்கு டிரம்ஸ் வாங்கித் தரும் பெற்றோருக்கு அது சிறிய செலவு இல்லை. அப்படி வாங்கிய பிறகும் ஸ்டாண்டு நகர்வதுண்டு. பல நேரங்களில் கோளாறு தரையிலும், ஸ்டாண்டை விரித்து வைக்கும் முறையிலும்தான் இருக்கிறது. அவற்றைச் சரிசெய்ய அதிகப் பணம் தேவைப்படாது.

காலால் தட்டும் ஜால்ரா

பஜனையில் கையால் தட்டும் ஜால்ராவைப் பெரிதாக்கி, காலால் தட்டும்படி செய்தால் அதுதான் ஹை-ஹாட். பொதுவாக 14 அங்குல அகலமுள்ள இரண்டு சிம்பல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். கீழ்த்தட்டு ஸ்டாண்டின் குழாய்மீது சும்மா உட்கார்ந்திருக்கும். மேல்தட்டை ‘கிளட்ச்’ என்ற சிறு பிடி ஒரு மெல்லிய கம்பியோடு இறுக்கிப் பிடித்திருக்கும். குழாய்க்குள் போகும் அந்தக் கம்பி அடியில் கால் மிதியோடு இணைகிறது. மிதித்தால் மேல்தட்டு இறங்கி மூடும். காலை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தச் சோடித் தட்டுகள் தரையை ஒட்டிய உயரத்தில்தான் இருந்தன. காலால் மட்டுமே தட்ட முடிந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் குழாயை நீட்டி இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள். குச்சியாலும் வாசிக்க வழி பிறந்தது. 1930களில் கவுண்ட் பேஸி இசைக்குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ், பாட்டின் ஓட்டத்தையே ஹை-ஹாட்டில் நடத்திக் காட்டிப் புகழ் பெற்றார். தட்டுகள் உயரப் போனதும் கனமும் மேலே போனது. ஸ்டாண்டு ஆடுவதும் சாய்வதும் அதோடு வந்த தொல்லைகள்தான்.

பினாங்குக்கு இந்த வாத்தியம் புதிதல்ல. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு 1960களின் இறுதியில் இங்குதான் உருவானது. இன்று திருமண விருந்துகளில் வாசிக்கும் இளைஞர்கள் பலர், உறுமி மேளத்தில் பழகிவிட்டு டிரம்ஸ் பக்கம் வருகிறார்கள். அவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. உறுமியையும் தவிலையும் வாசிப்பவரின் உடம்பு தாங்குகிறது. அவர் நகர்ந்தால் வாத்தியமும் கூடவே வரும். டிரம்ஸைத் தாங்குவது தரை. ஆகவே மேடை ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது தரையைத்தான்.

ஏன் நகர்கிறது?

மிதிக்கும்போது கால் நேர்கீழாக மட்டும் அழுத்துவதில்லை. பாதம் சாய்ந்திருப்பதால் அழுத்தத்தின் ஒரு பகுதி முன்னோக்கிப் போகிறது. ஒரு பாட்டில் நூற்றுக்கணக்கான முறை மிதிக்கும்போது, ஒவ்வொரு மிதியும் ஸ்டாண்டைத் துளித்துளியாக முன்னால் தள்ளுகிறது. அதைத் தடுப்பது ரப்பர் பாதங்களுக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பு மட்டுமே. மண்டபத்தின் வழவழப்பான டைல்ஸிலும், தூசி படிந்த பிளைவுட் மேடையிலும் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

முதல் மருந்து விரிப்பு

சுமார் 5 அடிக்கு 6 அடி அளவில், அடியில் ரப்பர் ஒட்டிய கார்பெட் ஒன்று போதும். ஆனால் அதை விரிப்பதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். டிரம்ஸை மட்டும் கார்பெட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை வெளியே போட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்டாண்டோடு கார்பெட்டும் சேர்ந்து முன்னால் போகும். வாசிப்பவரின் நாற்காலியும் கார்பெட்டின் மேல் இருக்க வேண்டும். 60, 70 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்தாலே கார்பெட் அசையாமல் நிற்கும். அவர் காலால் தள்ளும் வேகத்தை அவருடைய எடையே தடுத்துவிடும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, ஸ்டாண்டின் ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தைக் கார்பெட்டில் வண்ண டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த மேடையில் அளந்து பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாண்டு நகர்ந்திருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

கால்களை எவ்வளவு விரிப்பது?

மூன்று கால்களும், மிதியின் குதிகால் பக்கத் தகடும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். கால்களைக் குறுக்கி வைத்தால் நடுக்குழாய் உயர்ந்து, மிதியின் முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும். மிதிக்கும்போதெல்லாம் ஆடும். அளவுக்கு மீறி விரித்தால் நடுக்குழாயின் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்து, கால்கள் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஸ்டாண்டு அசையாமல் நிற்கும் நிலை ஒன்று உண்டு. மேல்குழாயை இரண்டு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தால் அது தெரியும். அதைக் கண்டுபிடித்ததும் கால்களின் திருகை இறுக்க வேண்டும்.

குழாய் நேராக நிற்பதும் முக்கியம். சாய்ந்திருந்தால் உள்ளே போகும் கம்பி குழாயில் உரசும், மிதி கனக்கும். தட்டுகளின் உயரம் ஸ்னேர் டிரம்மிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் இருந்தால் பெரும்பாலானோருக்குக் கை குறுக்கே போக வசதியாக இருக்கும். தேவைக்கு மேல் உயர்த்தினால் ஆட்டமும் கூடும்.

பெரும்பாலான ஸ்டாண்டுகளின் முன்பகுதியில் தரையைக் குத்திப் பிடிக்கும் கூர்முனைத் திருகுகள் இருக்கும். கார்பெட்டின் மேல் அவற்றை இறக்கிவிட்டால் ஸ்டாண்டு முன்னால் போகாது. கோயில் மண்டபத்து டைல்ஸிலும் தேவாலயத்தின் பளிங்குத் தரையிலும் கார்பெட் இல்லாமல் அவற்றை இறக்கக் கூடாது. அங்கே அவை வழுக்குவதோடு தரையையும் கீறிவிடும்.

மேடைக்கு மேடை மாறும்

இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் பலகை அடுக்கிய தற்காலிக மேடைகளில் வேறு வகைத் தொல்லை உண்டு. இரண்டு சட்டங்களுக்கு நடுவே பலகை துள்ளும். பாடகர்கள் ஆடினால் ஸ்டாண்டும் சேர்ந்து ஆடும். இயன்றவரை சட்டம் தாங்கும் இடத்துக்கு மேலே டிரம்ஸை வைக்க வேண்டும். ஏற்பாட்டாளர் அனுமதித்தால், ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு மரச்சட்டத்தைப் பலகையோடு திருகி வைக்கலாம்.

கார்பெட் கிடைக்காத அவசரத்தில், ஸ்டாண்டின் அடிப்பகுதியிலிருந்து நாற்காலிக் கால்வரை கயிறு கட்டிவிடுவது பழைய கலைஞர்களின் வழி. உட்கார்ந்திருப்பவரின் எடை கயிற்றின் வழியாக ஸ்டாண்டை இழுத்துப் பிடிக்கும். ஐந்து கிலோ அளவில் மணல் நிரப்பிய பை ஒன்றைக் காலின்மேல் போட்டு வைப்பதும் உதவும். கயிறு மற்றவர்கள் நடக்கும் வழியில் இருக்கக் கூடாது.

புதிதாக வாங்கும்போது

ஸ்டாண்டின் ஒவ்வொரு காலும் ஒற்றைத் தகட்டில் இருக்கும், அல்லது இரட்டைத் தகட்டில் இருக்கும். இரட்டைத் தகடு கனமானது, உறுதியானது. வேகமாக, பலமாக வாசிப்பவருக்கும் கனமான சிம்பல் வைத்திருப்பவருக்கும் ஏற்றது. வீட்டில் பழகும் பிள்ளைக்கும், எல்லாச் சாமான்களையும் சிறு காரில் ஏற்றிக்கொண்டு போகும் குழுவுக்கும் ஒற்றைத் தகடு பெரும்பாலும் போதும்.

இரட்டை பேஸ் பெடல் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் அதையும் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. ஸ்டாண்டின் கால் அந்தப் பெடல் இருக்கும் இடத்தை மறிக்கக்கூடும். கால்களைச் சுழற்றித் திருப்பக்கூடிய ஸ்டாண்டும், இரண்டே கால் உள்ள ஸ்டாண்டும் இதற்காகவே செய்யப்படுகின்றன. இரண்டு கால் ஸ்டாண்டில் மிதியின் அடித்தகடுதான் மூன்றாவது காலாக நிற்கிறது. ஆகவே மேடு பள்ளமான தரையில் அது மூன்று கால் ஸ்டாண்டைப் போல் நிற்காது.

கடையில் நின்றபடி கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாற்காலி கேட்டு உட்கார்ந்து, காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் தட்டு மெதுவாக எழும்பும், விறைப்பாக இருந்தால் கெண்டைக்கால் சீக்கிரம் வலிக்கும். விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பது நல்லது. கீழ்த்தட்டின் இருக்கையில் சாய்வுத் திருகு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கீழ்த்தட்டைச் சிறிது சாய்த்து வைத்தால்தான் தட்டுகள் மூடும்போது நடுவில் காற்று அடைபடாமல் ‘சிக்’ என்ற தெளிவான ஓசை வரும்.

பழையது வாங்கும்போது

நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டாண்டு, மலிவான புதியதைவிட நீண்ட நாள் உழைக்கக்கூடும். ஆனால் சில சோதனைகள் அவசியம்.

கம்பியைக் கழற்றி மேசைமேல் உருட்ட வேண்டும். துள்ளினால் வளைந்திருக்கிறது என்று பொருள். கையால் திருகும் விங் நட்டுகளை இறுக்கிய பிறகு குழாயைக் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். இறங்கினால் மரை தேய்ந்திருக்கிறது. கிளட்ச் கம்பியை வழுக்காமல் பிடிக்க வேண்டும். அதன் ஃபெல்ட் வளையங்கள் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரப்பர் பாதங்கள் கல்லாக இறுகியிருந்தால் அவையும் மாற்ற வேண்டியவைதான். மாற்றுக் கம்பி வாங்கும்போது பழைய கம்பியைக் கையோடு கொண்டு போக வேண்டும். 6 மில்லிமீட்டரிலும் கால் அங்குலத்திலும் கம்பிகள் வருகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் மரை மற்றதில் சேராது.

கடலோரக் காற்றும் துருவும்

குவாலா ஜுரு கடலோரத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் ஈரக் காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் வியர்வையையும் ஈரத்தையும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே ஸ்டாண்டைப் பையில் போட வேண்டும். கம்பியும் சங்கிலியும் கிரீச்சிட்டால் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். கிளட்ச் பிடிக்கும் இடத்திலும் ரப்பர் பாதங்களிலும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் அந்த இடங்கள் வழுக்கத் தொடங்கும்.

மேடை ஏறிய பிறகு இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கார்பெட்டை விரித்து, நாற்காலியை அதன்மேல் போட்டு, ஸ்டாண்டின் கால்களைக் குறித்த இடத்தில் வைத்து, திருகுகளை இறுக்கி, ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஸ்டாண்டு நகர்ந்தால் புதிதாக வாங்குவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.