ஆங்கிலப் பெண்ணின் கொடிவழி

அரச குலத்தாரின் வமிசாவளி ஏடுகளில் நிறைந்திருக்கும். ஆலையிலும் வயலிலும் உழைத்த எளிய ஆங்கிலப் பெண்ணின் முன்னோரை அறிவது எங்ஙனம்? அதற்கும் அந்நாட்டில் வழியுண்டு.

1837 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கமே பதிவு செய்து வருகிறது. மணமானதும் கணவனது குடும்பப் பெயரைப் பூணுவது ஆங்கில மகளிரின் நெடுநாள் வழக்கம். எனினும் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் கன்னிப் பருவக் குடும்பப் பெயரும் காணப்படும். அதுவே திறவுகோல். அதைக் கொண்டு பெற்றோரின் மணப்பதிவைத் தேடினால், மணமகளின் தந்தை பெயரும் தொழிலும் கிடைக்கும். அவளுடைய தாயின் பெயரோ கிடைக்காது! 2021 மே மாதத்தில்தான் அப்பதிவில் தாய்க்கும் இடம் பிறந்தது. ஆகவே, மணமகளின் பிறப்புப் பத்திரத்தையும் தேடியாக வேண்டும். 1851 முதலான குடிக்கணக்குகள் அவள் பிறந்த ஊரைக் காட்டி உதவும்.

1837க்கு முற்பட்ட காலத்திற்கு ஊர்த் தேவாலய ஏடுகளே துணை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் இட்ட ஆணையால் தோன்றியவை அவை. 1754 முதல் மணமக்களும் அவ்வேட்டில் ஒப்பமிட்டனர். எழுத்தறியாதவள் சிலுவை போன்றதொரு கீறலை இட்டாள். அவள் தன் கையால் விட்டுச்சென்ற ஒரே அடையாளம் அதுவாகவும் இருக்கலாம்.

பத்திரத்தில் ஒரு கட்டம் இல்லாமற்போனதால் எத்தனையோ அன்னையர் பெயர் மறைந்து நிற்கிறது. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நாமும், நம் பாட்டியாரின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் இன்றே எழுதி வைப்போமாக.